வாசகர் கேள்வி பதில்: கடலை ஒட்டிய மலைக்காடு

கேள்வி: கடலும் மலைக்காடும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு, பிள்ளைகளையும் அறுபதைக் கடந்த மாமியாரையும் அழைத்துக்கொண்டு அரையாண்டு விடுமுறையில் போய்வர விரும்புகிறோம். கடலூருக்கு அருகில் அப்படி ஓர் இடம் உண்டா? இல்லையென்றால் எங்கே போகலாம், எதற்குத் தயாராக வேண்டும்?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அருகில் இல்லை. திருவந்திபுரத்து ஔஷதகிரியை 74 படிகளில் ஏறிவிடலாம். கேப்பர் மலையோ செம்மண் மேடு. கிழக்குத் தொடர்ச்சி மலை, பெயருக்குத்தான் தொடர்ச்சி. ஆறுகள் அதைப் பல துண்டுகளாக அறுத்துவிட்டன. நம் பக்கத்தில் அது கடலை விட்டு விலகி, ஜவ்வாது, கல்வராயன் என்று உள்நாட்டில் நிற்கிறது. மலை நம் ஊர்வரை வருவது தென்பெண்ணை அடித்துக்கொண்டு வரும் மணலாக மட்டுமே.

நீங்கள் கேட்பது விசாகப்பட்டினத்தில் கிடைக்கும். அங்கே குன்றுகள் கடற்கரை வரை இறங்கி வந்திருக்கின்றன. நகரை ஒட்டியே கம்பாலகொண்டா சரணாலயம், சுமார் 70 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது. சிறுத்தைகளும் வாழும் காடு என்பதால் வனத்துறை அனுமதித்த பாதையை விட்டு விலகக் கூடாது. மாமியாருக்கு ஏற்றம் சிரமமென்றால் கைலாசகிரிக்கு ரோப் காரில் போய், மேலிருந்து கடலைப் பார்க்கலாம். புதுச்சேரியிலிருந்து ஹவுரா செல்லும் வாராந்திர ரயில் விசாகப்பட்டினம் வழியாகவே போகிறது.

இத்தகைய காடுகளில் ஆளைச் சோர்வடையச் செய்வது உயரத்தைவிடக் காற்றின் ஈரம்தான். வியர்வை உலராமல் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உடல் சூடு தணிய வழியில்லாததால், ஏற்காட்டில் சிரிப்போடு ஏறிய பிள்ளை இங்கே பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடும். ஆகவே சரணாலய வாயில் திறந்ததும் நுழைந்து, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது நல்லது. தண்ணீரோடு, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, டிசம்பரில் புயல் அச்சம் முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தின் மரங்களைச் சாய்த்தது; 2011 டிசம்பர் 30-இல் வந்த ‘தானே’ புயலைப் பற்றிக் கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் விடுமுறையில் வானம் தெளிந்திருக்கும், ஆனால் சங்கராந்திக்கு ஊர் திரும்பும் கூட்டத்தில் ரயிலில் இடம் கிடைப்பது அரிது. எனவே அரையாண்டு விடுமுறையே இருக்கட்டும். புறப்படுமுன் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

உயர்ந்த புல்லில் உண்ணி இருக்கும் என்பதால் எல்லோரும் முழுக்கால் சட்டையும் காலுறையும் அணிவது அவசியம். திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் காதின் பின்புறத்தையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமலும் எண்ணெய் தடவாமலும், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். அடுத்த சில நாள்களில் காய்ச்சலோ தடிப்போ கண்டால் மருத்துவரிடம் காட்டில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.