ஆக்சில் ரேஷியோ மாற்றலாமா, வேண்டாமா? ஜீப் ராங்ளர் கேள்வி பதில்

ராங்ளர் வாங்கியவுடன் பெரிய டயர் மேல் கண் போகும். டயர் ஏறிய பிறகு வண்டியில் பழைய இழுவை இல்லை என்ற வருத்தம் வரும். அமெரிக்காவில் ஜீப் ஓட்டும் நம் ஆட்களிடமிருந்து எனக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. ஆக்சில்களைப் பிரித்துக் கோர்ப்பது பல ஆண்டுகளாக என் வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், 3.73, 4.10, 4.88 என்றெல்லாம் சொல்கிறார்கள். இது என்ன கணக்கு? எண் பெரிதாக இருப்பதை ஏன் 'லோ' கியர் என்கிறார்கள்? (நியூ ஜெர்சி)

ஆக்சில் நடுவில் உருண்டையாகத் தெரிகிற ஹவுசிங்குக்குள் இரண்டு பல்சக்கரங்கள் கடித்துக்கொண்டு நிற்கின்றன. நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் கிரவுன், பினியன் என்போம். இங்கே பெரியதை ரிங் என்பார்கள். கிரவுனின் பல்லைப் பினியனின் பல்லால் வகுத்தால் ரேஷியோ வந்துவிடும். கிரவுனுக்கு 41, பினியனுக்கு 11 என்றால் 3.73. பினியனில் ஒரு பல் குறைந்தால் 4.10, இன்னொன்று குறைந்தால் 4.56. 4.88 என்பது 39க்கு 8.

4.88இல் பினியனைச் சுற்றும் ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். கியர் சைக்கிளில் மேடேறும்போது மிதி லேசாக இருக்கும், கால் வேகமாகச் சுற்றும் அல்லவா, அதே சங்கதி. முதல் கியரின் பக்கம் போவதால் அது லோ.

2014 ஜேகே (முந்தைய தலைமுறை ராங்ளர்) அன்லிமிடெட், அதாவது நான்கு கதவு, ஆட்டோமேட்டிக், 3.21 ரேஷியோ. 35 அங்குல டயர் போட்டேன். டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மலை ஏறும்போது ஐந்தாம் கியர் வேலைக்கே வருவதில்லை, மூன்றுக்கும் இரண்டுக்கும் தவிக்கிறது. 4.88 போட்டால் பறக்கும் என்கிறார்கள். உண்மையா அண்ணா?

மாற்றுங்கள். ஆனால் பறக்காது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்றவர்களுக்கும் இதுதான் அடிப்படை.

முதலில் சுற்றுக் கணக்கு. வேகத்தை (மைலில்) ஆக்சில் ரேஷியோவாலும், அப்போதிருக்கும் கியரின் ரேஷியோவாலும், 336ஆலும் பெருக்கி, டயரின் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று. உங்கள் கியர் பெட்டியில் ஐந்தாம் கியர் 0.83. 65 மைல் வேகத்தில், ஒரிஜினல் 32 அங்குல டயரில் எஞ்சின் சுமார் 1815 சுற்று ஓடியது. 35 டயரில் 1660. அந்தச் சுற்றில் 3.6 லிட்டர் வி6 எஞ்சினுக்கு மலையேறும் வலு இல்லை. அதனால்தான் பெட்டி ஐந்தைப் பிடிக்க மறுக்கிறது. 4.88 போட்டால் அதே வேகத்தில் 2530 வரும். ஐந்தாம் கியர் மறுபடி கியராகும்.

இப்போது மலைக்கு வருவோம். 50 மைல் வேகத்தில் உங்கள் வண்டி இரண்டாம் கியரில் ஏறுகிறது என்றால் எஞ்சின் சுமார் 3370இல் இருக்கிறது. 4.88 போட்ட பிறகு மூன்றாம் கியரிலேயே 3300 வரும். பலன் என்ன? இன்று இரண்டு செய்கிற வேலையை நாளை மூன்று செய்யும். சக்கரத்துக்குப் போகிற இழுவை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரேஷியோ மாற்றுவதால் எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. அதோடு, டென்வரே 5280 அடி. அதே வழியில் வரும் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத எஞ்சின் 1000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலுவிழக்கும். சுரங்க வாயிலில் நிற்கும்போது உங்கள் 285 குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் காணாமல் போயிருக்கும். அதை எந்தப் பல்சக்கரமும் திருப்பித் தராது.

அப்படியானால் ஏன் மாற்றச் சொல்கிறேன்? கிளம்பும்போது முதல் கியர் கனமாக இருக்காது. சிறு ஏற்றத்துக்கெல்லாம் கியர் இறங்காது. ஆட்டோ பெட்டி ஓயாமல் கியர் மாற்றும்போது உண்டாகும் சூடு குறையும், பெட்டியின் ஆயுளுக்கு அது பெரிய விஷயம். 3.21இலிருந்து 35 டயருக்குப் போன வண்டியை நான் அப்படியே விடச் சொல்ல மாட்டேன்.

பழைய ரேஷியோவை டயர் வித்தியாசத்தால் பெருக்கினால் 4.08 வருகிறது (3.73, 32இலிருந்து 35). அப்போ 4.10 போதாதா? எல்லாரும் ஏன் 4.56, 4.88 என்கிறார்கள்? (சியாட்டில்)

உங்கள் கணக்கு சரி. அது டயர் உயரத்தை மட்டும் ஈடு கட்டும். ஆனால் 35 டயர் உயரத்தோடு வருவதில்லை. ஒவ்வொரு சக்கரமும் கனம் கூடும். அந்தக் கனம் விளிம்பில் இருப்பதால் உருட்டத் தொடங்கவும் நிறுத்தவும் கூடுதல் வேலை. வண்டி இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டது, காற்றை இன்னும் அதிகமாகத் தள்ளுகிறது. அப்புறம் ஸ்டீல் பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை), கூரையில் கூடாரம். அதனால் கணக்கில் வருவதற்கு ஒரு படி மேலே போவது வழக்கம். ஜேகே ஆட்டோமேட்டிக்குக்கு 35 டயரில் 4.56 நிதானமான தேர்வு. மலையும் சுமையும் அதிகம் என்றால் 4.88.

இன்னொன்று, பக்கச்சுவரில் 35 என்று போட்டிருந்தாலும் பல டயர்கள் அளந்தால் 34 சொச்சம்தான். டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

2016 ரூபிகான் (ராங்ளரில் கரடுமுரடான பாதைக்கென்று வரும் மாடல்), 4.10, 33 அங்குல டயர். ஹூஸ்டனில் ஆபீஸ், வீடு, மாதம் ஒரு முறை கடற்கரை. மாற்றலாமா?

வேண்டாம். 33க்கு ஈடான ரேஷியோ 4.23. நீங்கள் 4.10இல் இருக்கிறீர்கள். மேடே இல்லாத ஊர். அந்தப் பணத்தை நல்ல ஷாக் அப்சார்பருக்குப் போடுங்கள்.

மாற்றுவதா என்று முடிவு செய்ய எளிய சோதனை ஏதாவது உண்டா? (சிகாகோ)

உண்டு, செலவும் குறைவு. முதலில் புது டயரின் அளவை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லுங்கள். இதற்கான சிறு புரோகிராமர், வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான ஓபிடி சாக்கெட்டில் செருகுவதுதான். 32இலிருந்து 35க்கு மாறி அப்படியே விட்டால் மீட்டர் 65 காட்டும்போது நிஜத்தில் 71இல் போகிறீர்கள். பெட்டியும் தவறான கணக்கில் கியர் மாற்றும். இதைச் சரிசெய்ததுமே பாதித் தொல்லை தீர்ந்து, ரேஷியோ யோசனையைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு மாதம், தினமும் போகிற வழியில், எந்தக் கியரில் நிற்கிறது என்று கவனியுங்கள். சமதரையில், எதிர்காற்று இல்லாத நாளில், கடைசி கியர் பிடித்து நின்றால் அவசரம் இல்லை. சமதரையிலேயே பிடிக்கவில்லை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இணையத்தில் வண்ணம் பூசிய அட்டவணைகள் சுற்றுகின்றன. அவை உங்கள் ஊரின் மேடு பள்ளத்தையும் கூரையில் ஏற்றிய சாமானையும் பார்த்ததில்லை.

பின் ஆக்சிலை மட்டும் மாற்றினால் பாதிச் செலவில் முடியுமே? நான் ஃபோர் வீல் போடுவதே இல்லை.

கூடவே கூடாது. ஃபோர் வீல் போட்டவுடன், கியர் பெட்டியின் சுழற்சியை இரண்டு ஆக்சிலுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டுகிறது. முன்னால் 3.73, பின்னால் 4.88 என்றால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று இழுத்து முறுக்கும். எது பலவீனமோ அது உடையும். போடவே மாட்டேன் என்கிறீர்கள். பனி கொட்டும் ஒரு இரவில், குடும்பத்தோடு, கை தானாக அந்த லீவருக்குப் போகும். இரண்டையும் மாற்றப் பணம் சேரும்வரை காத்திருங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? ஒவ்வொரு கடையும் ஒவ்வொன்று சொல்கிறது. (டாலஸ்)

இரண்டு ஆக்சிலுக்கும், கூலி சேர்த்து, 2000 டாலருக்குக் கீழே யாராவது சொன்னால் என்னென்ன புதிதாகப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். பேரிங், சீல், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), கிரஷ் ஸ்லீவ் (பினியனை இறுக்கும்போது நசுங்கும் குழல்) எல்லாம் புதிதாக வேண்டும். பழைய பேரிங்கை வைத்துப் புதுப் பல்லைக் கோர்ப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

3.21இல் இருப்பவர்கள் கேரியரைப் (கிரவுனைத் தாங்கும் கூடு) பற்றியும் கேட்க வேண்டும். ரேஷியோ எண் கூடக் கூடப் பினியன் சிறுக்கும். கிரவுன் அதை எட்டிப் பிடிக்க நெருங்கி வர வேண்டும். பழைய கேரியரில் அது எட்டாவிட்டால் வேறு கேரியர் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தடித்த கிரவுன் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். லாக்கர் (ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது) போடும் எண்ணம் இருந்தால் அதே நேரத்தில் போட்டுவிடுங்கள், பிரிக்கிற கூலி ஒருமுறையோடு போகும்.

5.13 போட்டால் இன்னும் நல்லதுதானே அண்ணா? என்னுடையது ஸ்போர்ட் மாடல், முன்னால் டேனா 30 ஆக்சில்.

5.13 என்பது 41க்கு 8. டேனா 30இன் கிரவுன் ஏற்கெனவே சிறியது. அதற்குள் அந்த ரேஷியோவுக்கான பினியன் எவ்வளவு ஒல்லியாகிவிடும் என்று கையில் வைத்துப் பார்த்தால் மனம் வராது. பாறையில் ஏறுபவர் என்றால் 4.88ஓடு நிறுத்துங்கள். 37 அங்குல டயர்தான் கனவு என்றால், பல்லை விட்டுவிட்டு ஆக்சிலையே யோசியுங்கள். ரூபிகானிலிருந்து கழற்றிய டேனா 44 சில சமயம் நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

ரூபிகான் டிரெயில் என்ற பாறைப் பாதைக்குப் போகிறோம், வண்டி ஜேகே ரூபிகான் ஆட்டோமேட்டிக். 4.10இலிருந்து 4.88 போட்டால் பாறையில் வித்தியாசம் தெரியுமா? (சான் ஹோசே)

தெரியும், ஆனால் உங்களிடம் இருப்பதே நிறைய. முதல் கியர் 3.59, ரூபிகானின் லோ ரேஞ்ச் (டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான கியர்) 4, ஆக்சில் 4.10. பெருக்கினால் 59. 4.88இல் 70. ரூபிகான் அல்லாத ஜேகேவில் லோ ரேஞ்ச் 2.72 மட்டுமே, 3.73 ஆக்சிலோடு 36தான் வரும். அவர்களுக்குத்தான் உண்மையான பசி. மேனுவல் வைத்திருப்பவர்களுக்கு முதல் கியரே 4.46, இன்னும் கவலை குறைவு.

2021 ஜேஎல் (ஜேகேவுக்கு அடுத்த தலைமுறை ராங்ளர்) சஹாரா, எட்டு கியர், 3.45. 35 டயர் போட்டிருக்கிறேன்.

70 மைல் வேகத்தில் எட்டாம் கியரில் 1550 சுற்றுதான் வரும், பிடிக்காது. ஏழில் 1950, அதில் நன்றாகவே ஓடும். எட்டு கியர் இருப்பதால் ஒன்றை இழந்தாலும் வண்டி திணறாது. நெடுஞ்சாலை ஓட்டம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். டிரெய்லர் இழுப்பவராக இருந்தால் மாற்றுங்கள். ஜீப் நிறுவனமே எக்ஸ்ட்ரீம் ரீகான் என்று 2021இல் 35 டயரோடு விற்கத் தொடங்கியபோது 4.56 வைத்தது. அவர்கள் எண்ணமும் அதுதான்.

டொயோட்டா 4ரன்னர், 3.73, டயர் 265/70இலிருந்து 285/70ஆர்17. தேவையா?

3.86தான் ஈடு. தேவையில்லை.

மாற்றினால் மைலேஜ் கூடுமா?

எஞ்சின் தாழ்ந்த சுற்றில் திணறிக்கொண்டிருந்தால் கொஞ்சம் கூடலாம். அதை நம்பி மாற்றாதீர்கள், 2000 டாலர் பெட்ரோலில் திரும்பி வராது. டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்தது என்கிறவர்கள் ஓடோமீட்டரையும் பாருங்கள். மீட்டரைத் திருத்தாவிட்டால் அது 100 மைல் காட்டும்போது வண்டி 109 ஓடியிருக்கும்.

மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. 50 மைல் வேகத்தில் காலை எடுத்தால் 'ஊ...' என்று ஒரு சத்தம். ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறது கடை. (அட்லாண்டா)

சரியாகாது. இதை என் சொந்த வண்டியில் பட்டிருக்கிறேன். முதன்முதலில் நான் ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன், இதே பதில் சொன்னார்கள். ஆயிரம் மைல் ஓட்டினேன், சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் நானே கவரைத் திறந்தேன். பல் எங்கே படுகிறது என்று காட்டும் மஞ்சள் நிறப் பேஸ்ட்டைப் பல்லில் தடவி, கிரவுனை ஒரு கையால் பிடித்து நிறுத்தியபடி பினியனைச் சுற்றினேன். பேஸ்ட் விலகிப் பளபளத்த தடம் பல்லின் நடுவில் இருக்க வேண்டும். என்னுடையதில் அது அடிவேரில் ஒட்டிக் கிடந்தது. பினியன் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். வித்தியாசம் பிளேடு கனமுள்ள ஒரு ஷிம்தான். அதற்குள் பல்லில் தேய்மானம் விழுந்து, அந்தச் செட் முழுவதும் வீணானது. அந்த வருத்தத்தில்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

நீங்கள் உடனே திரும்பிப் போங்கள். கோர்த்தபோது எடுத்த பல் தடத்தின் படத்தைக் கேளுங்கள். பேக்லாஷ் (இரண்டு பல்லுக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளி) எவ்வளவு வைத்தார்கள் என்று கேளுங்கள். டேனா 44க்கு 0.006 முதல் 0.010 அங்குலம் வரை என்பது வழக்கம். நல்ல கைகாரர் இரண்டையும் குறித்து வைத்திருப்பார். இனிமேல் கொடுக்கப் போகிறவர்கள் இந்தக் கேள்விகளை வண்டி கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். ரேஷியோ 4.56ஆ 4.88ஆ என்பதைவிட அதை யார் கோர்க்கிறார் என்பது முக்கியம்.

நாளை வண்டி கைக்கு வருகிறது. எப்படி ஓட்ட வேண்டும்?

முதல் நாள் 15, 20 மைல் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஹவுசிங் கையில் தொட்டால் குளிர்ந்திருக்கும்வரை விடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். புதுப் பல் சூடேறி ஆறி ஒன்றோடொன்று பழக வேண்டும். 500 மைல்வரை டிரெய்லர் வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட ஓட்டமும் வேண்டாம். 500இல் ஆயிலை மாற்றுங்கள். வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். காந்தத்தில் ஒட்டியிருப்பதை ஒரு துணியில் வழித்து, இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். மை மாதிரி வழவழவென்று இருந்தால் சரி. நறநறவென்று தட்டுப்பட்டால், அந்தத் துணியை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் காட்டுங்கள்.