ஈ2லேபிள் கட்டளையால் வட்டுக்குப் பெயரிடுவதில் பாதுகாப்புச் சிக்கல் உண்டா?

லினக்ஸில் வெளிவட்டுகளுக்கு ஈ2லேபிளால் பெயர் (லேபிள்) வைத்து, எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பெயரைக் கொண்டே இணைப்பதாகவும், இதில் பாதுகாப்புக் குறை ஏதும் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு சிறிய அலுவலகத்தின் கணக்குக் கோப்புகளுக்குக் காப்பு நகல் எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. தினசரி நகலுக்கு ஒரு வட்டு, மாதக் கடைசி நகலுக்கு இன்னொரு வட்டு. இரண்டுக்கும் "பேக்கப்" என்று ஒரே பெயரை வைத்திருந்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் யாரும் செருகமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். ஒரு சனிக்கிழமை இரண்டும் செருகியபடியே இருந்தன. இரவில் ஓடிய ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல், மூலத்தில் இல்லாத கோப்புகளை நீக்கும் விருப்பத்தோடு மாதக் கடைசி வட்டில் எழுதிவிட்டது. பழைய மாதங்களின் நகல்கள் போய்விட்டன. பிழைச்செய்தி ஒன்றுகூட வரவில்லை. கணினியைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடந்திருந்தது.

பள்ளியில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் தலைப்பெழுத்தைச் சேர்த்துக் கூப்பிடுவோம். லினக்ஸ் அப்படிச் செய்வதில்லை. ஒரு பெயருக்கு, வட்டைச் சுட்டும் குறியிணைப்பு ஒன்றுதான். அது எந்த வட்டைச் சுட்டும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ரெட் ஹேட் லினக்ஸின் பழைய பதிப்புகள் நிறுவும்போதே இயங்குதளம் இருக்கும் மூலப் பகுதிக்குச் சாய்கோட்டையே (/) பெயராக வைத்தன. அப்படி நிறுவிய இரண்டு வட்டுகளை ஒரே கணினியில் பொருத்தியவர்கள் பட்ட பாடும் இதே வகைதான்.

என் தவறைத் தெரியாமல் செய்தேன். அதையே தெரிந்து செய்ய ஒருவருக்கு ஒரு யுஎஸ்பி போதும். லேபிளை எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தன் கணினியில் எழுதிக்கொண்டு வந்து உங்கள் கணினியில் செருகலாம். இதைவிட அழுத்தமான எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. "சிஐடேட்டா" என்ற பெயருள்ள வட்டைக் கண்டால், மேகக் கணினிகளைத் தொடக்கத்தில் அமைக்கும் நிரலான கிளவுட்-இனிட் அதிலுள்ள அமைப்புக் கட்டளைகளைப் படித்துச் செயல்படுத்தும். "ஓஇஎம்டிஆர்வி" என்ற பெயரைக் கண்டால் ரெட் ஹேட்டின் நிறுவி அதிலுள்ள கிக்ஸ்டார்ட் கோப்பை, அதாவது எப்படி நிறுவ வேண்டும் என்ற குறிப்புகளைத், தானாகவே எடுத்துக்கொள்ளும். வசதிக்காகச் செய்தவைதாம். ஆனால் சர்வர் அறைக்குள் யார் நுழையலாம் என்பது இங்கே எவ்வளவு பெரிய கேள்வியாகிவிடுகிறது, பாருங்கள்.

பெயரே தாக்குதலாகவும் மாறலாம். யுஎஸ்பிகளில் பரவலாக இருக்கும் ஃபேட் கோப்பு முறைமையில் லேபிளுக்கு 11 எழுத்துகள்தான். அதற்குள் டாலர் குறியும் அடைப்புக்குறியுமாக ஒரு சிறு கட்டளையைத் திணித்தால், லினக்ஸின் திரைமுகப்புகளில் ஒன்றான கேடிஇ பிளாஸ்மாவின் சாதன அறிவிப்பி வழியாக இணைக்கும்போது அது ஷெல் கட்டளையாகவே ஓடிவிடும் என்பது 2018இல் வெளிவந்தது. 5.12 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். நாம் எழுதும் சிறு ஷெல் நிரல்களை யார் சரிசெய்வார்கள்? லேபிளை மாறியில் வாங்கினால் மேற்கோள்குறிக்குள் வையுங்கள். எழுத்துகளைக் கட்டளையாகவே ஓட்டும் ஈவால் கட்டளையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நீளத்தையும் கவனியுங்கள். லினக்ஸின் கோப்பு முறைமைகளான எக்ஸ்ட்4இல் 16 பைட், எக்ஸ்எஃப்எஸ்ஸில் 12. "காப்பு" என்று தமிழில் எழுதினால் யூனிகோடில் ஆறு குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 18. ஈ2லேபிள் எச்சரித்துவிட்டு வெட்டிவிடும். கடைசி உகரம் பாதியில் உடைந்து நிற்கும். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். இங்கே மட்டும் ஆங்கிலத்தோடு நின்றுகொள்கிறேன்.

வட்டைத் தொட ஒவ்வொரு முறையும் சுடோ (நிர்வாகி அனுமதி) கேட்கிறதே என்று சிலர் தங்கள் கணக்கை "டிஸ்க்" குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் குழுவில் இருப்பவர் கோப்பு அனுமதிகளைத் தாண்டி வட்டை நேரடியாகப் படிக்கலாம், எழுதலாம். ரூட் எனும் முழு நிர்வாகி அதிகாரத்தைக் கையில் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது.

பெயருக்குப் பதில், கோப்பு முறைமைக்குத் தானாக அமையும் நீண்ட அடையாள எண்ணான யூயூஐடியைப் பயன்படுத்தினால் தற்செயலான குழப்பம் பெரும்பாலும் தீரும். ஆனால் வட்டை அப்படியே பைட் பைட்டாக நகலெடுக்கும் டிடி கட்டளையால் பிரதியெடுத்த வட்டில் அதுவும் ஒன்றாகவே இருக்கும். ட்யூன்2எஃப்எஸ் கட்டளையைக் கொண்டு வேண்டுமென்றே மாற்றவும் முடியும். ஆகவே அதையும் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. கழற்றி மாட்டும் வட்டுகளை நோசூயிட் (அதிலுள்ள நிரல்கள் ரூட் அதிகாரம் பெறுவதைத் தடுப்பது), நோடெவ் (அதிலுள்ள சாதனக் கோப்புகளை ஏற்காதது) விருப்பங்களுடன் இணையுங்கள்.

என் காப்பு வட்டுகள் இப்போது லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறையான லக்ஸ் குறியாக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவிக் கோப்பு சர்வரில் இருக்கிறது. அதே பெயரில் வேறொரு வட்டு வந்தால் சாவி பொருந்தாது, நிரல் அங்கேயே நின்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். லக்ஸின் இரண்டாம் பதிப்பில் வெளித்தலைப்புக்கும் பெயர் வைக்கலாம். அதைக் கடவுச்சொல் இல்லாமலே எவரும் படிக்கலாம் என்பதால் அங்கே வெறும் எண் மட்டும் எழுதியிருக்கிறேன். "கணக்கு-மாதம்" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் உள்ளே, குறியாக்கத்துக்குள் இருக்கிறது.