காதுக்கு ஒரு மைக்: கேள்வி-பதில்

கே: இரண்டு காதிலும் மைக் வைத்து, கேட்பவரைச் சுற்றிலும் ஒலிப்பதுபோல் பதிவு செய்யும் பைனாரல் ஒலிப்பதிவு பழக ஆசை. சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரெட் கேப்ஸ்யூல் (மைக்கின் உள்ளே ஒலியைப் பிடிக்கும் குட்டி வில்லை) சில ரூபாய்தான். பிரிமோ நிறுவனத்தின் ஈஎம்272 கேப்ஸ்யூல் பல மடங்கு விலை. அவ்வளவு கொடுக்கத்தான் வேண்டுமா? (திருச்சி)

ப: சந்தை, மேளம், பேருந்து நிலையம் என்றால் மலிவானதே போதும். பத்து வாங்கி, ஒரே சத்தத்துக்கு ஒரே அளவு காட்டும் இரண்டைப் பொறுக்குங்கள். ராத்திரி மழை, சுவர்க்கோழி என்று கிளம்பினால்தான் சிக்கல். என் நெடுநாள் வயிற்றெரிச்சல் இது: '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், மைக் தானாகப் போடும் இரைச்சலைப் பற்றி மூச்சு விடுவதில்லை. நீங்களே கணக்குப் போடலாம். மைக்கின் சிக்னல்-இரைச்சல் விகிதத்தை (94 டெசிபெல் ஒலி, மைக்கின் சொந்த இரைச்சலைவிட எவ்வளவு உரக்க இருக்கிறது என்ற எண்) 94-இலிருந்து கழியுங்கள்; மிஞ்சுவதுதான் அந்த இரைச்சல். 60 டெசிபெல் கேப்ஸ்யூலுக்கு 34 வரும்; நள்ளிரவுப் படுக்கையறை அதைவிட அமைதி. ஈஎம்272-க்கு 80, ஆக 14 மட்டுமே. சிக்னல்-இரைச்சல் விகிதத்தைச் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

கே: பதிவை டிவி ஸ்பீக்கரில் போட்டேன். சுற்றிலும் கேட்கவே இல்லையே?

ப: ஹெட்போன் மாட்டுங்கள்.

கே: 'பைனாரல்' என்று போட்டிருந்த மைக்கை இணையத்தில் வாங்கினேன். இடமும் வலமும் ஒரே ஒலி. பெட்டியைப் பிரித்ததால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். (மதுரை)

ப: பிரிக்காமல் எப்படிக் கேட்பதாம்? எனக்கும் இந்த அனுபவம் உண்டு. ரப்பர் காதுகள் வைத்த மைக் ஒன்றை 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே இரண்டு கேப்ஸ்யூலும் ஒரே கம்பியில்! காதுகள் மட்டும் அருமை. இப்போது என் மூக்குக்கண்ணாடி அவற்றில்தான் தொங்குகிறது. ஸ்டீரியோ ரெக்கார்டரில் செருகி, இடது மைக்கை மட்டும் நகத்தால் சுரண்டுங்கள். வலது மீட்டரும் அதே அளவு துள்ளினால் மோசடிதான். அதை வீடியோ எடுத்து, விளம்பரப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை.

கே: போன் ஜாக்கில் இரண்டு மைக்கையும் ஸ்ப்ளிட்டர் போட்டுச் செருகலாமா?

ப: அந்த ஜாக்கில் மைக்குக்கு ஒரே கம்பிதான். ஸ்டீரியோ மைக் உள்ளீடும், ஜாக் வழியே மைக்குக்கு மின்சாரம் தரும் பிளக்-இன் பவரும் உள்ள ரெக்கார்டர் வேண்டும்.

கே: சால்டர் வைத்ததும் ஒரு கேப்ஸ்யூல் ஊமையாகிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

ப: எவ்வளவு நேரம் சுட்டீர்கள் என்று எழுதவில்லையே! சூடு பட்டால் எலக்ட்ரெட்டின் மின்னூட்டம் போய்விடும். ஒரு முனைக்கு இரண்டு வினாடி, அப்புறம் ஆறவிட வேண்டும். இதில் கடைக்காரர் என்ன செய்வார்? இன்னொன்று வாங்குங்கள். வேண்டாம், ஐந்தாக வாங்குங்கள்.