மரத்தில் ஏறும்போது காரபைனர்: 22 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பெரிய மாமரம் இருக்கிறது. ஹார்னெஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வார்) போட்டுக்கொண்டு நானே ஏறிக் கவாத்து செய்கிறேன். கயிற்றைக் கிளையைச் சுற்றிக் கொண்டுவந்து, காரபைனரால், அதாவது திறந்து மூடும் உலோகக் கொக்கியால், அதே கயிற்றில் மாட்டிவிடுவேன். அதில் 22 கிலோ நியூட்டன் என்று போட்டிருக்கிறது, திருகுப் பூட்டு. போன முறை பாதி வேலையில் பார்த்தால் திருகு முழுக்கக் கழன்று கிடந்தது. என் எடை 75 கிலோதான். பயப்பட வேண்டுமா? இதே காரபைனரில் பிள்ளைகளுக்கு ஹாமக் (தொங்கு படுக்கை) கட்டலாமா?

பதில்: உங்கள் எடையை நினைத்துப் பயப்பட வேண்டாம். திருகு கழன்றதற்குப் பயப்படத்தான் வேண்டும்.

22 கிலோ நியூட்டன் என்பது ஏறக்குறைய 2,200 கிலோ தொங்கினால் வரும் விசை. ஆனால் மலையேற்றக் காரபைனர் என்றால் அதன் முதுகில் மூன்று எண்கள் இருக்கும், உற்றுப் பாருங்கள். நீளவாக்கு அம்புக்குறிக்குப் பக்கத்தில் 22, குறுக்குவாக்கு அம்புக்குறிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 7 அல்லது 8, கேட் (உள்ளே அழுத்தினால் திறக்கும் பக்கம்) திறந்திருக்கும் படத்துக்குப் பக்கத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது கேட் மூடி, நேராக இழுபட்டால் மட்டுமே 22. மற்ற நிலைகளில் மூன்றில் ஒரு பங்கு. எண்ணே இல்லாத காரபைனர் சாவி மாட்டத்தான் ஆகும்.

700 கிலோகூட எனக்குப் போதாதா என்று கேட்பீர்கள். சும்மா தொங்குவதற்குப் போதும். ஆனால் மரம் ஏறும் கயிறு அதிகம் நீளாது. கயிறு தளர்ந்திருக்கும்போது நீங்கள் ஓர் அடி, இரண்டு அடி விழுந்தால்கூட, அந்தத் திடீர் இழுப்பில் உங்கள் எடையைப்போல் பல மடங்கு விசை வரும். தவிர, கேட் திறந்திருந்தால் காரபைனர் உடைய வேண்டிய அவசியமே இல்லை; கயிறு தானாக நழுவி வெளியே வந்துவிடும்.

திருகு ஏன் கழன்றது? நீங்கள் அசையும் ஒவ்வொரு முறையும் கயிறோ மரப்பட்டையோ அதை உரசுகிறது. உரசல் சுழற்றும், அதிர்வு தளர்த்தும். பாறையில் ஏறுகிறவர்கள் திருகு கீழ்நோக்கி இறுகும்படி காரபைனரைத் திருப்பி மாட்டுவார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் மரத்தில் நாம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆடிக்கொண்டே இருப்போம், அது போதாது. அமெரிக்காவின் மரப் பராமரிப்புப் பாதுகாப்பு விதியான ஆன்சி இசட்133, ஆளைத் தாங்கும் காரபைனர் தானே மூடி, தானே பூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறது. கடையில் 'ட்ரிப்பிள் ஆக்‌ஷன்' என்று கேளுங்கள்: பூட்டை மேலே தள்ளி, திருப்பி, அப்புறம்தான் கேட்டை உள்ளே அழுத்த முடியும். வெறுமனே திருப்பினாலே திறக்கும் வகை வேண்டாம். அதைக் கயிறே உரசித் திறந்துவிடும்.

இதை வாங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 'க்ளிக்' சத்தத்தை நம்பாதீர்கள். சட்டை ஓரமோ சின்னக் குச்சியோ கேட்டில் சிக்கியிருக்கலாம். மாட்டியதும் கேட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், அசையக் கூடாது. இடுப்புக் கயிறு உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிட்டு, அதன் பிறகு எடையை மாற்றுங்கள்.

இனி, கிளையைச் சுற்றி மாட்டும் முறை. இதுதான் எனக்குப் பெரிய கவலை. சுருக்கு இறுகும்போது காரபைனர் மரத்தோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். கயிறு அதைக் குறுக்கே இழுக்கும். கிளையின் விளிம்பில் அமர்ந்தால் தேங்காய் மட்டையை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல வளைக்கும். அப்படி வளைக்கும் விசைக்கு மேலே சொன்ன மூன்று எண்களில் எதுவும் பொருந்தாது. அந்த இடத்தில் காரபைனரே வேண்டாம். கயிற்றையே ரன்னிங் பௌலைன் முடிச்சாக (கயிற்றின் மேலேயே ஓடி இறுகும் சுருக்கு) போட்டு இறுக்குங்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் வளையம் தைத்த நாடாப் பட்டையைக் கிளையில் போட்டு, வளையங்கள் வழியே கயிற்றை ஓட விடுங்கள். பட்டையின் இரு முனைகளையும் காரபைனரில் மாட்டுவதாக இருந்தால் பட்டை நீளமாக இருக்கட்டும். பருத்த கிளையில் குட்டைப் பட்டை போட்டால் இரு முனைகளும் அகலமாக விரிந்து, காரபைனர் மூன்று திசையில் இழுபடும். ஹார்னெஸ் பக்கம் காரபைனர் இருக்கலாம், அங்கே அது நேராகத்தான் இழுபடும். ஒரு காரபைனரோடு இன்னொன்றைக் கோத்துச் சங்கிலி போடாதீர்கள். முறுக்கிக்கொண்டால் கேட் திறக்கும்.

ரம்பம் எடுக்கும்போது இரண்டு இடங்களில் மாட்டியிருங்கள். எடை ஏறி விறைத்து நிற்கும் கயிற்றில் அரிவாள் லேசாகப் பட்டாலே போதும், அறுந்துவிடும்.

மாமரம் என்பதால் இன்னொன்று. மாம்பாலும் மரத்தூளும் கேட்டின் கீலில் போய் ஒட்டிக்கொள்ளும். கேட்டை முழுக்கத் திறந்து விட்டால் தானே பாய்ந்து மூட வேண்டும். சோம்பலாக மூடினால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, கிராஃபைட் போன்ற உலர் மசகு போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைச் சேர்த்துப் பிசினாக்கும். கழுவியும் சரியாகவில்லை, விரிசல் தெரிகிறது, கயிறு ஓடிய இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது என்றால் ஏறுவதற்கு அதை எடுக்காதீர்கள்.

ஹாமக்குக்குத் தனிக் காரபைனர் வாங்குங்கள். ஏறும் சாமான் வேறு வேலைக்குப் போகக் கூடாது. பூட்டு அவசியமில்லை, ஆனால் எண் பொறித்ததாக இருக்கட்டும். இங்கே கவனிக்க வேண்டியது கயிற்றின் சரிவு. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 60 கிலோ என்றால், கயிறு 30 டிகிரி சரிவாக இறங்கும்போது ஒவ்வொரு பக்கமும் 60 கிலோ இழுவை. விறைப்பாக 10 டிகிரியில் கட்டினால் அதே பிள்ளைகளுக்கு 170 கிலோவைத் தாண்டும். குதித்தால் இன்னும் ஏறும். ஆகவே நன்றாகத் தொய்வாகவே கட்டுங்கள். ஒரு முனையை முருங்கையில் கட்டலாமா என்று யோசிக்கவே வேண்டாம், படக்கென்று முறியும். உட்காரும் இடம் நாற்காலி உயரத்துக்கு மேல் போகாமலும், கீழே கல்லோ சிமெண்ட் தளமோ இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.