ஒரு ரெஸ்யூம், இரண்டு ரகசியங்கள்

கேள்வி: வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சியில் இருக்கிறேன். ஒரு கேண்டிடேட் ஃபோனில் மனம்விட்டுப் பேசும்போது இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டார். ரெஸ்யூமில் உள்ள எட்டு மாத இடைவெளியில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தாராம். அதற்கு முந்தைய வேலையை அவராக விடவில்லை, அனுப்பிவிட்டார்கள். ரெஸ்யூமிலோ ‘ராஜினாமா’ என்று இருக்கிறது. அவரை எடுக்கும் முடிவில் இருக்கும் கிளையன்ட், ‘வேற ஏதாவது இருக்கா?’ என்கிறார். என்ன சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பெயர் வேண்டாம் என்கிறீர்கள். அந்தக் கேண்டிடேட்டும் உங்களிடம் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். சிகிச்சை அவருடைய சொந்த விஷயம். ‘இடைவெளியைப் பற்றி அவரிடமே கேளுங்களேன்’ என்றுகூடச் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தொனியே காட்டிக்கொடுத்துவிடும்.

ராஜினாமா கதை வேறு. உங்கள் கை வழியாகப் போகும் ரெஸ்யூமில் பொய் இருக்கிறது. தெரிந்தே விட்டால் நீங்களும் கூட்டு. அதற்காக நேரே கிளையன்டிடம் ஓட வேண்டாம். முதலில் கேண்டிடேட்டைக் கூப்பிட்டு, ஆட்குறைப்பா, வேறு காரணமா என்று கேளுங்கள். ஆட்குறைப்பை மறைக்கவே வேண்டியதில்லை. பயத்தில் பலர் இப்படி எழுதிவிடுகிறார்கள். திருத்தினால் அனுப்புங்கள். அப்புறம் கிளையன்டிடம் ‘வேலை சம்பந்தமாகச் சொல்ல வேறு எதுவும் இல்லை’ என்று தைரியமாகச் சொல்லலாம். மறுத்தாரென்றால், ‘இந்த ரெஸ்யூமுக்கு என்னால் பொறுப்பேற்க முடியாது’ என்று கிளையன்டிடம் சொல்லி விலகிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

ஃபீஸ் தருவது கிளையன்ட்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தொழிலுக்கு வந்த புதிதில், கேண்டிடேட் சம்மதம் சொல்லும் முன்பே அவர் பெயரையும், அப்போது வேலை பார்த்த கம்பெனியையும் ஒரு மேனேஜரிடம் உளறிவிட்டேன். அந்த மேனேஜரும் கேண்டிடேட்டின் பாஸும் பழைய நண்பர்கள். ‘ஆள் எப்படி?’ என்று ஒரே ஒரு ஃபோன். புது வேலை கிடைக்கவில்லை, இருந்த வேலையும் போயிற்று. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. என் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இன்னொன்று. ஃபோனில் கேட்டதையெல்லாம் சாஃப்ட்வேரில் குறித்து வைத்திருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் விவரங்களைக் கேட்டு வாங்கும் உரிமை கேண்டிடேட்டுக்கு உண்டு. உடல்நலத் தகவலுக்குக் காவல் இன்னும் அதிகம். நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் எப்படியோ, ‘மனச்சோர்வு’ என்ற சொல் அதில் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். நாளை உங்கள் சீட்டுக்கு வருபவர் அந்த ஃபைலைத் திறந்து படிப்பார்.