சர்க்கரைத் தண்ணி குடுத்தும் லோ சுகர் ஏறலையா? மாத்திரை அட்டையைப் பாருங்க

கேள்வி: அப்பாவுக்கு 68 வயசு. வெள்ளிக்கிழமை விரதம்னு காலைல டிபன் சாப்பிடல, சுகர் மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டார். 11 மணிக்கு வேர்த்துக் கொட்டி கை நடுங்குச்சு, மீட்டர்ல 58. சர்க்கரைத் தண்ணி குடுத்தோம், 20 நிமிஷம் கழிச்சும் 61தான். ஏன் சார்? அட்டைல கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500, வோக்ளிபோஸ் 0.2னு போட்டிருக்கு.

பதில்: அட்டைல இருக்கறத அப்படியே எழுதி அனுப்பினீங்க பாருங்க, ரொம்ப நல்லது. நிறைய பேர் "ஒரு வெள்ளை மாத்திரை"ம்பாங்க.

சுகரை இறக்கினது கிளிமிபிரைடு. கணையத்தத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மருந்து அது, ஆளு சாப்பிட்டாரா விரதமான்னு அதுக்குத் தெரியாது. மெட்ஃபார்மின் தனியா இப்படி இறக்குறது அபூர்வம். ஏற விடாம பண்ணினது அனேகமா வோக்ளிபோஸ்தான். நம்ம வெள்ளச் சர்க்கரைல குளுக்கோசும் ஃப்ரக்டோசும் ஒண்ணா ஒட்டியிருக்கும், குடல்ல அது ரெண்டா உடைஞ்சாதான் ரத்தத்துல சேரும், அப்படி உடைக்கிற என்சைமத்தான் இந்த மருந்து தடுக்குது, அதனால வெல்லம், கல்கண்டு, மிட்டாய் எது குடுத்தாலும் மெதுவாத்தான் ஏறும். இந்த மாத்திரை போடறவங்க வீட்ல குளுக்கோஸ் பவுடர் இருந்தே ஆகணும், அதுக்கு உடைய வேண்டிய வேலையே இல்ல. அது கைல இல்லன்னா தேன். சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கற கொழுப்பு இன்னும் லேட் பண்ணும்.

70க்குக் கீழ போனா 15 கிராம் குளுக்கோஸ், அதாவது குவிச்சு ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணில கலக்கிக் குடுங்க. 15 நிமிஷம் விட்டு டெஸ்ட் பண்ணுங்க, இன்னும் 70 வரலன்னா திரும்ப அதே அளவு. பயந்துபோய் பாதி பாக்கெட்டக் கரைச்சுக் குடுத்துட்டு சாயங்காலம் 300ன்னு ஓடி வர்றவங்களும் உண்டு. சரியானதும் ரெண்டு இட்லியாவது சாப்பிட வைங்க, ஏன்னா மாத்திரையோட வேலை ஒரு மணி நேரத்துல முடியாது, மறுபடி இறங்கலாம், அன்னிக்கு முழுக்க அப்பப்ப செக் பண்ணணும். பேச்சு குழறுது, விழுங்க முடியல, மயக்கம்னா வாய்ல எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108க்கு போன் போடுங்க.

விரதம் இருக்கட்டும், நான் குறுக்க வரல. ஆனா சாப்பிடாத வேளைக்கு இந்த மாத்திரை கூடாது, அன்னிக்கு என்ன பண்ணணும்னு உங்க டாக்டர்ட்ட முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்குங்க. அதுக்காக நீங்களா மொத்தமா நிறுத்திடாதீங்க.

டாக்டரப் பாக்கப் போறப்ப கிரியேட்டினின் ரிப்போர்ட்டும் எடுத்துட்டுப் போங்க, கிட்னி கொஞ்சம் டல்லானாலும் மருந்து உடம்புல தங்கிடும். பிபிக்கு மெட்டோபுரோலால் மாதிரி ஏதாவது போடறார்னா அதையும் சொல்லுங்க, லோ சுகர்ல வர்ற படபடப்ப அது மறைச்சிடும், வேர்வை ஒண்ணுதான் காட்டிக் குடுக்கும். இன்னொண்ணு, இந்த வயசுல மூணு மாச சுகர் ஆவரேஜ் (HbA1c டெஸ்ட்) 6.2ன்னா பெருமைப்பட ஒண்ணும் இல்ல, 7, 7.5ல இருந்தாக்கூட பரவால்ல, டோஸக் கொறைக்கலாமான்னு தைரியமா கேளுங்க.