நோரோ வைரஸ்: குழந்தை வாந்தி எடுத்த இடத்தைச் சுத்தம் செய்வது எப்படி?

குழந்தைக்கு வாந்தி, பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ் தொற்று, தரையைச் சானிடைசர் போட்டுத் துடைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கொரோனா வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. சோப்பும் ஆல்கஹாலும் அதைச் சிதைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது, அதனால் ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது. இங்கே கைகொடுப்பது குளோரின் உள்ள பிளீச் திரவம்தான்.

கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, வாந்தியைப் பழைய துணியால் மெதுவாக ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அழுக்கு மிச்சமிருந்தால் குளோரின் அதன் மேலேயே செலவழிந்துவிடும். அடுத்து, 5 சதவீத பிளீச் 100 மில்லியை 900 மில்லி தண்ணீரில் கலந்து ஊற்றி, 5 நிமிடமாவது ஈரமாகவே விடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: ஊற்றிய கையோடு துடைத்துவிடுகிறார்கள். கதவுக் கைப்பிடி, ஃபிளஷ் பட்டனுக்கெல்லாம் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி பிளீச் போதும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள்.

ஆசிட் உள்ள டாய்லெட் கிளீனரோடு பிளீச்சைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலையே பாதிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

குழந்தை தேறிய பிறகும் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே கழிவறையை இன்னும் இரண்டு வாரமாவது இதே முறையில் கழுவுங்கள்.